தலைமேல் பதிந்த மின் அலையிலிருந்து மூளைக்குள் இடம் தேடுவது எப்படி

ஒரு ஒலியைக் கேட்டுச் சுமார் 100 மில்லிநொடி கழித்து இஇஜி பதிவில் (தலைத்தோலில் ஒட்டிய மின்முனைகளால் மூளையின் மின்னழுத்தத்தைப் பதிவது) ஒரு எதிர்மின் அலை எழும். அதை என்100 என்று சொல்கிறோம். அந்த மின்னழுத்தத்தைத் தலையின்மேல் நிறப்படமாகப் போட்டுப் பார்த்தால் உச்சந்தலை நடுவில், சி-இசட் மின்முனையைச் சுற்றிப் பளிச்சென்று நிற்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் உச்சந்தலைக்கு நேர் கீழேதான் ஏதோ நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த அலை பெரும்பாலும் பிறப்பது இரண்டு காதுகளுக்கும் சற்று மேலே, பக்கவாட்டுப் பெரும்பள்ளத்துக்குள் மறைந்து கிடக்கும் செவிப்புறணியில், அதாவது ஒலியைக் கையாளும் மூளையின் மேலடுக்கில். அங்கே புறணி ஏறக்குறையக் கிடைமட்டமாகப் படுத்திருப்பதால் மின்னோட்டம் அதற்குச் செங்குத்தாக, உச்சியைப் பார்த்த கோட்டில் ஓடுகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் மின்னழுத்தம் நடு உச்சியில் சேர்ந்து பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

படத்தில் எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் அலை பிறக்கும் மூலம் இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதை விட்டபிறகுதான் மற்றதெல்லாம் புரியும்.

தலைத்தோலில் நாம் பிடிப்பது ஒற்றை நியூரானின் துடிப்பை அல்ல. புறணியில் பிரமிடு வடிவ நியூரான்கள் வேலிக்கழிகள் மாதிரி ஒரே திசையில் அடுக்கி நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் பல்லாயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓடும் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று கூடினால்தான் மைக்ரோவோல்ட் அளவிலாவது வெளியே தெரியும். இந்தக் கூட்டத்தை ஒரு குட்டி அம்புக்குறியாக, ஒரு டைபோலாக, நினைத்துக்கொள்ளலாம். மடிப்பின் மேட்டில் இருக்கும் புறணி என்றால் அம்பு தலைத்தோலைப் பார்த்து நிற்கும், மின்னழுத்த உச்சமும் நேர் மேலேயே வரும். பள்ளத்தின் சுவரில் இருக்கும் புறணி என்றால் அம்பு தலைத்தோலுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். அப்போது ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்று இரண்டு மேடுகள் தெரியும், மூலம் அந்த இரண்டுக்கும் நடுவே, நிறம் சட்டென்று மாறும் இடத்துக்குக் கீழே இருக்கும். எந்த மென்பொருளையும் திறக்கும் முன் இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு நிறப்படத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். பாதி ஊகம் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம் கணக்கு. இதில் இரண்டு பாகம் உண்டு. மூளைக்குள் இந்த இடத்தில் இந்தத் திசையில் ஒரு டைபோல் இருந்தால் ஒவ்வொரு மின்முனையிலும் எவ்வளவு மின்னழுத்தம் வரும் என்பது நேர்க்கணக்கு. தலையின் மாதிரி (கணினியில் கட்டிய தலை) கையில் இருந்தால் அதற்கு ஒரே விடைதான். மின்முனையில் வந்த அழுத்தத்தை வைத்து உள்ளே எது எங்கே இருந்தது என்று கேட்பது தலைகீழ்க் கணக்கு. அதற்கு ஒரே விடை கிடையாது. 1853-லேயே இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிவிட்டார்: வெளியே அளக்கும் ஒரே மின்னழுத்தத்தை உள்ளே எண்ணற்ற விதமான மின்னோட்ட அமைப்புகள் உண்டாக்க முடியும். எண்களில் பார்த்தாலும் இது புரியும். வழக்கமாகப் புறணியின் ஒவ்வொரு அரைக்கோளத்திலும் 4098 புள்ளிகள் வைப்போம், மொத்தம் 8196, ஒவ்வொன்றுக்கும் மூன்று திசை, ஆக 24,588 தெரியாத எண்கள். கையில் இருப்பதோ 64 மின்முனைகளின் 64 எண்கள். மீதி இடைவெளியை நிரப்புவது நாம் முன்கூட்டியே வைக்கும் அனுமானம். அதனால் எந்த முறையை எடுத்தாலும், உங்களுக்கே விடை தெரிந்த ஒரு கேள்வியை முதலில் அதற்குக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவிலிருந்து தொடங்குவோம். பழைய 10-20 முறையில் வைக்கும் 19 மின்முனைகள் இந்த வேலைக்குப் போதாது. 32 இருந்தால் ஏதோ சொல்லலாம், 64 நல்லது, 128 இன்னும் கொஞ்சம் நல்லது. ஆனால் எண்ணிக்கையைவிடப் பரவல் முக்கியம் என்பது என் கருத்து. தலையின் மேல்பாதியில் மட்டும் நெருக்கமாக வைத்துவிட்டுக் காதுக்குக் கீழ், கன்னப்பொட்டுக்குக் கீழ், பிடரிக்குக் கீழ் ஒன்றும் வைக்காவிட்டால், பொட்டு மடலின் (காதருகே உள்ள மூளைப் பகுதியின்) அடிப்பகுதியிலிருந்து வரும் அலையின் பாதி நமக்குத் தெரியவே தெரியாது. மருத்துவ நரம்பு உடலியங்கியல் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2017-ல் வழக்கமான பதிவுக்கே 25 மின்முனைகள் வேண்டும், பொட்டின் கீழ்வரிசையும் அதில் சேர வேண்டும் என்று பரிந்துரைத்ததும் இதனால்தான்.

மின்முனைகள் எங்கே இருக்கின்றன என்பதை அளந்து எழுதுங்கள். மின்முனைத் தொப்பி தயாரிப்பாளர் கொடுக்கும் பொதுவான இடங்கள் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் தலைக்குச் சரியாகப் பொருந்தா. முப்பரிமாணப் பேனாவோ, அது இல்லாவிட்டால் சுற்றிலும் எடுத்த முப்பரிமாண ஸ்கேனோ போதும். மூக்குத்தண்டின் மேல்பள்ளம், இரண்டு காதுகளுக்கும் முன்னே உள்ள புள்ளி என மூன்று அடையாளங்கள் கட்டாயம். அவற்றோடு நெற்றி, புருவமேடு, மூக்கு என்று எலும்பு கெட்டியாக இருக்கும் இடங்களில் நூறு புள்ளிகளாவது எடுத்துவிடுங்கள். தலையின் உருண்டையான மேல்பகுதியில் மட்டும் எடுத்த புள்ளிகள் சுழன்று நழுவிவிடும், மூக்கு நழுவாது.

பதிவு தொடங்கியதும் அந்த நபரிடம் பத்து முறை கண் சிமிட்டச் சொல்லுங்கள், பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் என மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. கண்ணின் முன்புறம் பின்புறத்தைவிட நேர்மின் கொண்டது. அதனால் சிமிட்டும்போது எஃப்பி1, எஃப்பி2 என்ற நெற்றி மின்முனைகளில் பெரிய நேர்மின் மேடு வர வேண்டும், இடப்பக்கம் பார்க்கும்போது இடப்பொட்டில் எஃப்7 நேர்மின்னாகவும் வலப்பொட்டில் எஃப்8 எதிர்மின்னாகவும் போக வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருமுறை 64 மின்முனைத் தொப்பியின் இரண்டு கம்பிப் பட்டைகளை, முன்பாதிக்கு ஒன்று பின்பாதிக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் இடம் மாற்றிச் செருகிவிட்டோம். அலைகள் எல்லாம் சுத்தமாகத்தான் ஓடின, மின்தடை எண்கள் எல்லாம் பச்சை. மூன்று நாள் பதிவு முடிந்தபிறகு சிமிட்டலின் நிறப்படத்தைப் போட்டால் மேடு பிடரியில் நிற்கிறது! மாறியது முழுப் பட்டை என்பதால் பெயர்களை மட்டும் மாற்றி எழுதித் தரவைக் காப்பாற்ற முடிந்தது. ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் மாறியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, மூலம் மட்டும் எங்கேயோ போய் நின்றிருக்கும்.

சுத்தம் செய்வதைப் பற்றி நீட்டப்போவதில்லை. மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை எடுங்கள், கெட்ட மின்முனைகளைக் குறியுங்கள், கலந்த அலைகளைத் தனித்தனிக் கூறுகளாக்கும் தனிக்கூறு பகுப்பாய்வால் சிமிட்டலைப் பிரித்தெடுங்கள் (அந்தப் பகுப்பாய்வுக்கு மட்டும் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிய பிரதியைக் கொடுத்தால் நன்றாகப் பிரிக்கும்), பிறகு எல்லா மின்முனைகளின் சராசரியை ரெஃபரன்ஸாக, அதாவது மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் அடிப்படையாக, வையுங்கள். ஒரு சிக்கலை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சத்தமில்லாமல் விடையைக் கெடுக்கும். 64 மின்முனைகள் இருந்தும் அதில் தனித்தனியான தகவல் 64 இருக்காது. சராசரி ரெஃபரன்ஸ் ஒன்றைக் குறைக்கிறது. மூன்று கெட்ட மின்முனைகளை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பினால் மூன்று குறைகிறது. இரண்டு கூறுகளை நீக்கினால் இரண்டு குறைகிறது. ஆக மிச்சம் 58. இதை மென்பொருளிடம் சொல்லாவிட்டால், இல்லாத ஆறு திசைகளில் பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்து, விடை தாறுமாறாக ஊதிப்போகும். என்னைக் கேட்டால் கெட்ட மின்முனையை நிரப்பவே வேண்டாம். இடம் தேடும் கணக்குக்கு அதை விட்டுவிட்டாலே போதும், நிரப்பியதால் புதுத்தகவல் எதுவும் வரப்போவதில்லை.

அடுத்தது தலை மாதிரி. அந்த நபரின் எம்ஆர்ஐ இருந்தால் ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளில் கொடுத்துப் புறணியின் பரப்பைப் பிரித்தெடுங்கள், பல மணி நேரம் ஓடும், இரவில் விட்டுவிட்டுப் போகலாம். பிறகு தோல், மண்டையோட்டின் வெளிப்பரப்பு, உட்பரப்பு என்று மூன்று உறைகள். இவை ஒன்றையொன்று எங்கேயும் வெட்டக்கூடாது, படத்தில் ஒவ்வொரு அடுக்காகக் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள், பொட்டுப் பக்கமும் கண்குழிக்கு மேலும்தான் பெரும்பாலும் தப்பாகும். எம்ஆர்ஐ இல்லையென்றால் 40 பேரின் மூளையைச் சராசரி எடுத்துச் செய்த எஃப்எஸ்ஆவரேஜ் என்ற பொது மாதிரியை உங்கள் மின்முனைகளுக்கு ஏற்பச் சுருக்கி விரித்துப் பயன்படுத்தலாம். அப்போது விடையைச் சென்டிமீட்டர் அளவில்தான் நம்ப வேண்டும், மில்லிமீட்டரைப் பேசக்கூடாது. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மாதிரியைப் போடவே வேண்டாம், அவர்களின் மண்டையோடு வேறு.

மண்டையோடு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்தும் என்ற எண்தான் இதில் முள். பழைய வழக்கப்படி மூளையைவிட 80 மடங்கு குறைவு என்று போடுவார்கள், பின்னால் வந்த அளவீடுகள் 15 முதல் 25 மடங்கு வரைதான் குறைவு என்கின்றன, சில மென்பொருள்கள் நடுவே 50 என்று வைத்திருக்கின்றன. இது சும்மா எண் அல்ல. மண்டையோட்டை உண்மையைவிட மோசமான கடத்தியாக வைத்தால், அது படத்தை நிறைய மங்கலாக்கும் என்று கணக்கு எதிர்பார்க்கும். கையில் இருக்கும் படமோ அவ்வளவு மங்கலாக இல்லை. உடனே மூலத்தை மேலே, மேற்பரப்புக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துவிடும். ஒரே தரவை 20, 50, 80 என்று மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் மூலம் அசையாமல் நின்றால் நிம்மதி. அசைந்தால், எவ்வளவு அசைந்ததோ அவ்வளவாவது உங்கள் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐயையும் மின்முனைகளையும் பொருத்தும்போது இடம் வலம் மாறிப்போவதும் உண்டு. எம்ஆர்ஐ எடுக்கும் முன் வலக்காதுக்கு முன்னால் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுங்கள், படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், அதற்கப்புறம் சந்தேகமே வராது.

இரைச்சலைக் கணக்கில் கொள்ள, தூண்டலுக்கு (ஒலி போன்றவற்றுக்கு) முந்தைய 200 மில்லிநொடிகளை எடுத்து மின்முனைகளின் இரைச்சல் எப்படிச் சேர்ந்து ஆடுகிறது என்ற அட்டவணையைக் கட்டுங்கள். அதே தூண்டலைத் திரும்பக் கொடுக்கும் தடவைகள் கூடக்கூடச் சராசரியில் இரைச்சல் வர்க்கமூல விகிதத்தில் குறையும், 100 தடவை என்றால் பத்தில் ஒரு பங்கு.

இனி முறை. ஒன்று, இரண்டு இடங்களில் மட்டுமே வேலை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் டைபோல் பொருத்தல் எளிமையானது: ஒரு டைபோலை நகர்த்தி நகர்த்தி, பதிவோடு அதிகமாக ஒத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பொருத்தம் 90 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாரும் மகிழ்ந்துவிடுகிறார்கள், இங்கே கவனம் வேண்டும். மேலே சொன்ன என்100-க்கு ஒற்றை டைபோலைப் பொருத்திப் பாருங்கள், பொருத்தம் அருமையாக வரும், டைபோலோ இரண்டு செவிப்புறணிகளுக்கும் நடுவே, மூளையின் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே ஒலிக்கு எழும் என்100 எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் சமச்சீராக இரண்டு டைபோல் என்று சொன்னால்தான் அது தன் வீட்டுக்குப் போகும். எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியது நீங்கள், கணக்கு சொல்லாது.

எத்தனை மூலம் என்று தெரியாவிட்டால் புறணி முழுவதும் பரவிய விடையைத் தேடும் முறைகளுக்குப் போகலாம். மிகக் குறைந்த மொத்த மின்னோட்டத்தில் பதிவை விளக்கும் விடையைத் தேர்ந்தெடுப்பது குறைந்தபட்ச நெறி முறை. குறைந்த மின்னோட்டம் வேண்டும் என்பதால் அது இயல்பாகவே மேற்பரப்பையே விரும்பும், ஆழத்தில் உள்ளதையும் மேலே இழுத்துவிடும். இதைச் சரிக்கட்டத்தான் ஆழ எடை போடுகிறோம், அல்லது ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் இரைச்சலால் வகுக்கும் டிஎஸ்பிஎம் (2000), எஸ்லோரெட்டா (2002) போன்றவற்றுக்குப் போகிறோம். எஸ்லோரெட்டாவுக்கும் அதன்பின் வந்த ஈலோரெட்டாவுக்கும் இடப்பிழை பூஜ்யம் என்று ஒரு பெருமை உண்டு. உண்மைதான், ஆனால் இரைச்சலே இல்லாமல், ஒரே ஒரு புள்ளி மூலம் மட்டும், தலை மாதிரியும் அச்சாகச் சரியாக இருக்கும்போது. இரண்டு மூலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் கலந்து ஒரே மேகமாக வரும். எவ்வளவு இறுக்கிப் பொருத்துவது என்ற எண்ணும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சைகை (நமக்கு வேண்டிய அலை) இரைச்சலைப்போல் மூன்று மடங்கு என்று வைத்து, மூன்றின் வர்க்கத்தைத் தலைகீழாக்கி 1/9 போடுவது சராசரி அலைக்கான வழக்கம், தனித்தனித் தடவைகளுக்கு அதே எண்ணைப் போட்டால் இரைச்சலையே மூளை என்று வரைந்து கொடுக்கும்.

பீம்ஃபார்மர் என்ற இடவடிகட்டியும் உண்டு. தாளமாகத் தொடரும் அலைகளுக்கு எனக்குப் பிடித்த முறை. ஒரு புள்ளியிலிருந்து வருவதை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அடக்கும். அதன் பலவீனம், இரண்டு மூலங்கள் ஒரே தாளத்தில் ஆடினால் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு காதிலும் ஒரே ஒலியைக் கொடுத்துவிட்டு இதை ஓட்டாதீர்கள்.

சரி, விடை தெரிந்த கேள்விக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்தது என்20. பயிற்சி பெற்றவர், அதற்கான கருவியோடு, வலது மணிக்கட்டில் நடு நரம்பைக் கட்டைவிரல் லேசாகத் துடிக்கும் அளவுக்குச் சில நூறு முறை தூண்டினால், 20 மில்லிநொடியில் இடப்பக்கம் சிபி3 மின்முனையைச் சுற்றி எதிர்மின் மேடும், அதே நேரத்தில் நெற்றிப்பக்கம் நேர்மின் மேடும் வரும். மூலம் இடது மையப்பள்ளத்தின் பின்சுவரில், தொடுவுணர்வுக்கான 3பி என்ற பகுதியில். மேடுகள் இரண்டு, மூலம் நடுவில், டைபோல் படுத்திருக்கிறது. முதலில் சொன்ன விதி அப்படியே கண்முன் தெரியும். வினாடிக்கு ஆயிரம் மாதிரிகளுக்குக் குறையாமல் பதியுங்கள், 40 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடாதீர்கள், வெட்டினால் என்20 கரைந்துபோகும். பதிவு முதல் விடை வரையிலான உங்கள் வழித்தடம் இதை மையப்பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தால், உங்கள் சொந்தத் தரவுக்கு அதை நம்பத் தொடங்கலாம். வலது அரைக்கோளத்தில் வைத்தால் எங்கேயோ இடம் வலம் மாறியிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் முன்னால் வைத்தால் பொருத்தலைப் பாருங்கள், தொப்பி சரிந்திருக்கும் அல்லது மூன்று அடையாளப் புள்ளிகளில் ஒன்று தப்பாகத் தொடப்பட்டிருக்கும்.

தூண்டும் கருவி இல்லாதவர்கள் எம்என்இ-பைத்தான் என்ற மென்பொருளோடு இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தரவை எடுத்துக்கொள்ளலாம். அதில் 60 இஇஜி மின்முனைகளும் மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் 306 எம்இஜி உணரிகளும் ஒரே நேரத்தில் பதிந்திருக்கின்றன, இடக்காது வலக்காது ஒலியும் இடப்புற வலப்புறக் காட்சியும் உண்டு. இஇஜியை மட்டும் வைத்து ஒரு தடவை, எம்இஜியோடு சேர்த்து ஒரு தடவை ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சோதனை கணினியிலேயே செய்வது. உங்களுக்கு வேண்டிய பகுதியில் நீங்களே ஒரு போலி மூலத்தை வையுங்கள், நேர்க்கணக்கால் மின்முனைகளுக்குக் கொண்டுவாருங்கள், அதன்மேல் உங்கள் ஓய்வுநிலைப் பதிவிலிருந்து எடுத்த உண்மையான இரைச்சலைச் சேருங்கள், பிறகு தலைகீழ்க் கணக்கை ஓட்டி வைத்த இடத்துக்கும் வந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளங்கள். உருவாக்கவும் தேடவும் ஒரே தலை மாதிரியைப் பயன்படுத்தினால் விடை பொய்யாக அழகாக வரும், அதனால் உருவாக்கும்போது மண்டையோட்டின் எண்ணை மாற்றி, மின்முனைகளைச் சில மில்லிமீட்டர் நகர்த்திவிடுங்கள். முன் சிங்குலேட், இன்சுலா, ஹிப்போகாம்பஸ் என்று மூளையின் ஆழமான பகுதிகளின் பெயர்களை ஆசைப்பட்டு எழுதும் முன் அங்கே ஒரு போலி மூலத்தை வைத்துப் பாருங்கள். உங்கள் மின்முனைகளால் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், உண்மைத் தரவில் அங்கே தெரிந்த சிவப்புக்கும் மதிப்பில்லை.

சிவப்பு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். வண்ணத்தின் எல்லையை நகர்த்தினால் மேகம் பெரிதாகும், சிறிதாகும், இரண்டாகப் பிரியும். ஒரே எல்லையில் எடுத்த ஒரே படத்தை வைத்து "இரண்டு பகுதிகள் இயங்கின" என்று முடிவு செய்யாதீர்கள். எந்த நேரத்துண்டைப் பார்க்கப்போகிறீர்கள், எந்தப் பகுதியை ஒப்பிடப்போகிறீர்கள் என்பதை விடையைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். மூன்று முறைகள் ஒரே இடத்தைக் காட்டினாலும் மூன்றும் ஒரே தலை மாதிரியில்தான் ஓடின என்பதை மறக்க வேண்டாம், மாதிரி தப்பென்றால் மூன்றும் சேர்ந்தே தப்பும்.

வலிப்பு நோயாளிகளின் கூர்முனை அலைகளை ஆராய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூர்முனையின் உச்சியில் சைகை பெரிதாக இருக்கும் என்பதால் அங்கே இடம் தேடத் தோன்றும். ஆனால் உச்சிக்கு வருவதற்குள் அலை பிறந்த இடத்திலிருந்து பக்கத்துப் பகுதிக்குப் பரவியிருக்கலாம். ஏறும் பாதியில், உச்சிக்குப் பாதிவழியில் தேடுங்கள். ஒரே மாதிரியான முனைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தச் சின்ன நேரத்திலும் சைகை போதுமான அளவு கிடைக்கும். தலைத்தோலில் ஒரு முனை தெரியவே பல சதுர சென்டிமீட்டர் புறணி சேர்ந்து இயங்க வேண்டும், ஆகவே கிடைத்த புள்ளியை ஒரு பரப்பின் நடுவாகப் படியுங்கள். அறுவைச் சிகிச்சை குறித்த முடிவில் இது பல சான்றுகளில் ஒன்றாக, மருத்துவக் குழுவின் கையில்தான் இருக்க வேண்டும்.

எழுதும்போது "ஆயத்தொலைவு இன்னது" என்று மூன்று எண்களைக் கொடுத்து நிறுத்தாமல், எத்தனை மின்முனை, இடங்கள் அளந்தவையா பொதுவானவையா, யாருடைய எம்ஆர்ஐ, மண்டையோட்டுக்கு என்ன எண், இரைச்சலை எந்த நேரத்திலிருந்து எடுத்தீர்கள், எத்தனை கூறுகளை நீக்கினீர்கள், போலி மூலச் சோதனையில் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வந்தது என்பதையெல்லாம் சேர்த்து எழுதுங்கள். சோதனையில் 15 மில்லிமீட்டர் தள்ளி வந்திருந்தால் "இடது மேல் பொட்டுப் பகுதி" என்று எழுதுங்கள், அதற்குள் இருக்கும் ஒரு மடிப்பின் பெயரை எழுதாதீர்கள்.